10,363 ஸ்னாப்புகள்: ஒரு லெஃப்ட் டேக்கிளின் தொழில் வாழ்க்கை

2017 அக்டோபர் 22, கிளீவ்லேண்ட். டென்னசி டைட்டன்ஸ் அணியுடனான அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில், பிரவுன்ஸ் அணியின் 73-ஆம் எண்காரர், முன்வரிசையின் இடது ஓரத்தில் தடுத்து நிற்கும் லெஃப்ட் டேக்கிளான ஜோ தாமஸ் இடது கையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மேற்கையின் பின்புறத் தசையான ட்ரைசெப்ஸ் கிழிந்திருந்தது. 2007-இல் ஆடிய முதல் ஆட்டத்தின் முதல் நகர்விலிருந்து அந்த நொடி வரை, அணி பந்தோடு களத்தில் இருந்த ஒவ்வொரு முறையும் அவரும் களத்தில் இருந்தார். ஒன்றைக்கூட விட்டதில்லை. எண்ணிக்கை 10,363-இல் நின்றது.

ஸ்னாப் என்பது ஒவ்வொரு நகர்வின் தொடக்கம். குனிந்து நிற்கும் சென்டர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுத்ததும் ஆட்டம் நடக்கத் தொடங்கும்; சில நொடிகளில் அது முடியும்; மறுபடி வரிசை கட்டுவார்கள். 10,363-ஐ அவர் ஆடிய 167 ஆட்டங்களால் வகுத்தால் ஆட்டத்துக்கு 62 வருகிறது. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல் 1999 முதல்தான் ஸ்னாப் கணக்கை வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் இவ்வளவு நீண்ட தொடர்ச்சி வேறு எவருக்கும் இல்லை.

ஒரு ஆட்டக்காரரின் பெருமையைச் சொல்ல ஏன் இவ்வளவு சுற்றிவளைத்த எண் தேவைப்படுகிறது? பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு வீசிய தூரம் இருக்கிறது, ரிசீவருக்குப் பிடித்த பந்துகள் இருக்கின்றன, ஓடுபவருக்கு ஓடிய தூரம் இருக்கிறது. முன்வரிசையில் நின்று எதிராளிகளை மறிக்கும் அஃபென்சிவ் லைன்மேனுக்கு ஸ்கோர் அட்டையில் பத்தியே கிடையாது. அவர் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டால் பெரும்பாலும் தண்டனை அறிவிப்பாகத்தான் இருக்கும். அவரைக் கடந்து ஒருவன் போய் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தால் அது சாக். அந்தக் கணக்கும் சாய்த்தவனுக்கே. யார் கோட்டைவிட்டது என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கே இல்லை. காணொளியைப் பார்த்து மதிப்பிடும் தனியார் நிறுவனங்கள்தான் எண்ணுகின்றன. அப்படியொரு கணக்கின்படி தாமஸ் 6,680 வீச்சுகளுக்குக் காவல் நின்றார். விட்டுக்கொடுத்த சாக் 30.

பந்து கையில் இருக்கும் அணியின் 11 பேரில் ஐந்து பேர் இந்த வரிசைக்காரர்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, கார்டுகளுக்கு வெளியே டேக்கிள். ஜெர்சி எண் 50-இலிருந்து 79-க்குள் இருக்கும். அந்த எண்ணை அணிந்தவர் நடுவரிடம் முன்கூட்டித் தெரிவிக்காமல் வீசிய பந்தை வாங்க முடியாது. பந்து வீசப்படும் முன், இரு அணிகளும் வரிசை கட்டும் கோட்டைத் தாண்டி ஒரு யார்டுக்கு மேல், அதாவது மூன்று அடிக்கு மேல், போகவும் கூடாது. செய்யக்கூடியது இரண்டே வேலை: ஓடுபவருக்கு வழி திறப்பது, வீசுபவருக்கு நேரம் வாங்கித் தருவது. இரண்டாவதில் தேவைப்படும் நேரம் பெரும்பாலும் இரண்டரையிலிருந்து மூன்று நொடி.

கபடி பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஒரு விசித்திரம் தெரியும். அங்கே வருபவனைப் பிடிப்பதுதான் வேலை; இங்கே பிடித்தால் குற்றம். எதிராளியின் மார்புச் சட்டத்துக்குள் கை வைத்துத் தள்ளலாம், அகலம் காட்டி மறிக்கலாம். அவன் உன் தோளைக் கடந்துவிட்டபின் ஜெர்சியை இழுத்தாலோ கழுத்தைச் சுற்றினாலோ ஹோல்டிங். அணி 10 யார்டு பின்வாங்க வேண்டும். ஸ்னாப்புக்கு முன் இம்மி அசைந்தாலும் 5 யார்டு. அதாவது 130 கிலோ ஆள் ஒருவன் முழு வேகத்தில் வருகிறான். அவனைப் பிடிக்காமல் நிறுத்த வேண்டும், அதுவும் பின்னால் நகர்ந்துகொண்டே.

இந்தத் தொழில் இன்றைய வடிவத்துக்கு வந்தது 1978-இல். அதற்கு முன் லைன்மேன் கையை மார்போடு ஒட்டி, கைவிரல்களை மடக்கி, தோளாலும் முன்கையாலும் முட்டித்தான் தடுக்க முடியும். அந்த ஆண்டுதான் கையை நீட்டவும் உள்ளங்கையைத் திறக்கவும் விதி இடம் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, எதிரணியினர் லைன்மேனின் தலைக்கவசத்தில் ஓங்கி அறைந்து நிலைகுலைய வைக்கும் வழக்கம் தடை செய்யப்பட்டிருந்தது. இந்த இரண்டு மாற்றங்களுக்குப் பிறகு, முட்டி மோதும் முரட்டு வேலையாக இருந்தது காலடியும் கைவைப்புமான நுட்ப வேலையாக மாறியது. என்னைக் கேட்டால், அமெரிக்கன் ஃபுட்பால் வீச்சு ஆட்டமாக மாறியதற்குக் குவார்ட்டர்பேக்குகளைவிட இந்தத் திறந்த உள்ளங்கைதான் அதிகம் காரணம்.

இடது ஓரத்துக்குத் தனி மதிப்பு வந்த கதை வேறு. வலக்கைக்காரக் குவார்ட்டர்பேக் வீசத் திரும்பும்போது இடது பக்கம் அவர் முதுகுப் பக்கம். அங்கிருந்து வருபவனை அவர் பார்க்க முடியாது. 1985 நவம்பர் 18 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மேனைச் சாய்த்தபோது அவரது வலது கால் எலும்புகள் முறிந்தன. தைஸ்மேன் அதன்பின் ஆடவே இல்லை. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்த காட்சி அது. டெய்லரைப் போன்ற வேகமான ஓர ஆட்டக்காரர்களை மறிக்கக்கூடிய ஆளின் தேவை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் சம்பளம் உயர 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற உரிமை அப்போதுதான் வந்தது. சந்தை திறந்ததும் லெஃப்ட் டேக்கிளின் விலை ஏறியது.

இப்போது தாமஸின் இடத்தில் நின்று ஒரே ஒரு வீச்சு நகர்வைப் பார்ப்போம்.

இடது கால் சற்றுப் பின்னால், வலது கால் முன்னால். உடலின் பாரம் வலது காலின் உட்பாதத்தில். பந்தை ஓரக்கண்ணால் பார்த்தபடி எதிரே நிற்பவனின் இடுப்பைக் கவனிக்க வேண்டும். தோள் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. ஸ்னாப் ஆனதும் இடது கால் பின்னோக்கி உதைத்துப் போகும். வலது கால் தரையை உரசியபடி அதே அளவு இழுத்துவரப்படும். இதைக் கிக் ஸ்லைடு என்பார்கள். இரண்டு குதிகாலும் ஒருபோதும் ஒட்டக் கூடாது. ஒட்டிய கணத்தில் அடித்தளம் போய்விடும். அப்போது ஒரு விரல் தள்ளினாலும் 140 கிலோ ஆள் சாய்வார். குவார்ட்டர்பேக் சுமார் 7 யார்டு பின்னால் நிற்பார் என்று கணக்கு. எதிராளி வில் போல வளைந்து அந்த இடத்தை எட்டும் முன், அவனுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் உள்பக்கமாக உடம்பைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

தவறுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வரும். எதிராளியின் வேகத்தைக் கண்டு பயந்து இடுப்பைச் சீக்கிரம் வெளிப்பக்கம் திருப்பினால் உள்வாசல் திறந்துவிடும்; அவன் ஒரு காலை ஊன்றி உள்ளே வெட்டுவான். அதுவே மிகக் குறுகிய வழி, மிக மோசமான சாக். பொறுமை இழந்து பாய்ந்து தள்ளினால் தலை முழங்காலைத் தாண்டி முன்னால் போகும். எதிராளி கையைத் தட்டிவிட்டு அப்படியே கீழே இழுத்துவிட்டுப் போவான். கைகள் அகலமாகப் போய் அவன் தோள்களுக்கு வெளியே விழுந்தால் பலமும் இருக்காது, நடுவரின் ஹோல்டிங் கொடியும் விழும். நேராக நெஞ்சில் மோதி வருபவனுக்கு வேறு மருந்து: பின்னால் ஒரு சின்னத் துள்ளல், உடனே இடுப்பை இறக்கி ஊன்றுதல். ஒரு யார்டு கொடுத்து நிற்கலாம், மூன்று யார்டு கொடுத்தால் குவார்ட்டர்பேக்கின் மடியில் போய் உட்கார வேண்டியதுதான்.

தாமஸின் தனித்தன்மை, ஒரே மாதிரிப் பின்வாங்காதது. சில ஸ்னாப்புகளில் நேர் பின்னால், சிலவற்றில் 45 டிகிரி கோணத்தில், எப்போதாவது பின்வாங்காமல் முதல் அடியிலேயே முன்னால் பாய்ந்து கை வைப்பது. குவார்ட்டர்பேக்கைச் சாய்க்க வரும் பாஸ் ரஷர் மூன்று அடி ஓடி நான்காவதில் கையை வீசுவது என்று தாளம் பழகி வந்திருப்பான். டேக்கிள் இரண்டாவது அடியிலேயே மேலே வந்து நின்றால் அந்தத் தாளம் கெட்டுப்போகும். இதில் ஆபத்தும் உண்டு: பாய்ந்து கை தவறினால் பின்னால் காப்பாற்ற யாரும் இல்லை. அதனால்தான் அதை மசாலா மாதிரி அளவாகத் தூவ வேண்டும்.

இன்னொரு பொறி, இருவர் இடம் மாற்றி வருவது. ஓரத்தில் நிற்பவன் உள்ளே பாய்ந்து கார்டை மோதுவான். கார்டின் எதிரே நின்றவன் அவன் முதுகைச் சுற்றி வெளியே வருவான். டேக்கிள் முதலாமவனைத் துரத்தி உள்ளே போனால் இரண்டாமவனுக்கு ராஜபாட்டை. சரியான முறை, உள்ளே பாய்பவனை ஒரு தள்ளு தள்ளிக் கார்டிடம் ஒப்படைத்துவிட்டு, கண்ணை அடுத்தவனுக்காக வெளியே திருப்புவது. இருவரும் ஒரே ஆழத்தில் நின்றால்தான் இந்தக் கைமாற்று நடக்கும். கார்டு முன்னாலும் டேக்கிள் பின்னாலும் இருந்தால் ஒருவன் மேல் ஒருவன் இடறுவார்கள். அதனால்தான் ஐந்து பேரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடுவதற்கு அணிகள் ஆசைப்படுகின்றன. அது அபூர்வமாகத்தான் நடக்கிறது.

வெளியூர் மைதானத்தில் இன்னும் கஷ்டம். இரைச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது. கார்டு பின்னால் திரும்பிப் பார்த்து, சென்டரின் தொடையைத் தட்டுவார். சென்டர் தலையை ஆட்டி, பேசிவைத்த இடைவெளிக்குப் பின் பந்தைக் கொடுப்பார். டேக்கிள் பந்தைக் கண்ணால் பார்த்துத்தான் கிளம்ப முடியும். எதிராளியும் அதையேதான் பார்க்கிறான். உள்ளூரில் குரலைத் தெரிந்துவைத்திருப்பதால் கிடைக்கும் அரை அடி முன்னிலை அங்கே போய்விடும்.

இந்த வேலைக்கு ஆட்கள் வரும் வழிகள் பல. தாமஸ் வந்தது ராஜவழி: விஸ்கான்சினில் பிறந்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2006-இல் கல்லூரி அளவில் சிறந்த உள்வரிசை ஆட்டக்காரருக்கான அவுட்லாண்ட் விருது பெற்றார். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 2007 ஆட்டக்காரர் தேர்வில் கிளீவ்லேண்ட் அவரை மூன்றாவதாக எடுத்தது. நியூயார்க் விழாவுக்கு வரச்சொல்லி அழைப்பு இருந்தும் அன்று அவர் தந்தையோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் ஜமார்கஸ் ரஸ்ஸல் மூன்றே பருவங்கள்தான் ஆடினார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தேர்வுக்கு முன் இண்டியானாபொலிஸில் எல்லோரையும் அளப்பார்கள்: உயரம், எடை, 40 யார்டு ஓட்டம், 102 கிலோ பாரத்தை எத்தனை முறை மார்பிலிருந்து தூக்குகிறார், கையின் நீளம். டேக்கிளுக்குக் கை 33 அங்குலமாவது வேண்டும் என்பது பலர் பிடிவாதமாக வைத்திருக்கும் கோடு. முதலில் யார் கை படுகிறதோ அவருக்கே பிடி என்பதால் அதில் நியாயம் உண்டு. தாமஸின் கை 32.5 அங்குலம். அளவுகோலை அப்படியே நம்பியிருந்தால் அவர் கார்டாகப் போயிருப்பார். காலடி சரியாக இருந்தால் கை அரை அங்குலம் குறைந்தாலும் பாதகமில்லை என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பிலடெல்பியா ஈகிள்ஸின் ஜோர்டன் மைலாட்டா சிட்னியில் வளர்ந்த ரக்பி லீக் ஆட்டக்காரர். 6 அடி 8 அங்குலம், 157 கிலோ. ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடாத அவரை 2018-இல் கடைசியான ஏழாம் சுற்றில் ஈகிள்ஸ் எடுத்தது. முதல் இரண்டு பருவங்கள் பயிற்சியிலும் காயத்திலும் போயின. 2020-இல்தான் களம் கண்டார். 2025 பிப்ரவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்ற அணியின் லெஃப்ட் டேக்கிள் அவர். ஜேசன் பீட்டர்ஸை 2004-இல் எந்த அணியும் தேர்வில் எடுக்கவில்லை. மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டாக வந்தவரை பஃபலோ டேக்கிளாக மாற்றியது. 41 வயதிலும் ஆடினார். மற்ற இடங்களில் இப்படி இரண்டு ஆண்டு உட்காரவைத்துச் செய்துகொள்ளும் பொறுமையை அணிகள் அதிகம் காட்டுவதில்லை. இங்கே காட்டுகின்றன, ஏனென்றால் இவ்வளவு பெரிய உடம்பில் இவ்வளவு லேசான கால்கள் படைக்கப்படுவது குறைவு.

உச்சியில் இருப்பவர்களின் கதை இது. 53 பேர் கொண்ட அணியில் லைன்மேன்கள் சுமார் 9 பேர். ஆட்ட நாளில் எட்டு பேரையாவது சேர்த்தால் அணி 48 பேரைக் களத்துக்குத் தயாராக வைக்கலாம், இல்லையென்றால் 47. தொடக்க ஐவர் போக மீதி இருப்பவர் இரண்டு மூன்று இடங்களில் ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டும்; வலது கார்டு மட்டும்தான் தெரியும் என்பவருக்கு மாற்று இடம் கிடைப்பது கடினம். ஹூஸ்டனிலும் டென்னசியிலும் 19 பருவங்கள் ஆடிய புரூஸ் மாத்யூஸ் ஐந்து இடங்களிலும் ஆடியவர், 296 ஆட்டங்கள். ஒப்பந்தத் தொகையில் உறுதி செய்யப்பட்ட பகுதி மட்டுமே உண்மையான பணம். மீதியை அணி ஆளை விடுவித்துத் தவிர்த்துவிடலாம். ஓய்வூதியத் தகுதிக்கே மூன்று பருவங்கள் கணக்கில் சேர வேண்டும். அந்த மூன்றைத் தொடாமல் போகிறவர்கள் நிறைய.

தாமஸ் 2011-இல் 7 ஆண்டுக்கு 8.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். 2024-இல் தம்பா பேயின் டிரிஸ்டன் வெர்ஃப்ஸ் 5 ஆண்டுக்கு 14 கோடி டாலருக்கு மேல் பெற்றார். அதே ஆண்டு டெட்ராய்ட்டின் பெனேய் சூவல் 4 ஆண்டுக்கு 11.2 கோடி டாலர் பெற்றார். அப்போது அவர் வலது டேக்கிள். இப்போது எதிரணிகள் தங்கள் சிறந்த பாஸ் ரஷரை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நிறுத்துவதால் இடதுக்கு இருந்த தனிச் சலுகை கரைந்துவிட்டது.

தாமஸின் சாதனையை எடைபோட அவர் ஆடிய அணியைப் பார்க்க வேண்டும். அவர் இருந்த 11 பருவங்களில் பிரவுன்ஸ் 48 வெற்றி, 128 தோல்வி. முதல் ஆண்டு 10 வென்றும், பருவ முடிவின் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபுக்குப் போக முடியவில்லை. கடைசி ஆண்டு 16 ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட அவர் ஆடியதில்லை. தோற்கும் அணியில் நல்ல லைன்மேனாக இருப்பது எளிது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். பின்தங்கிய அணி வீசித்தான் ஆக வேண்டும். அது எதிரணிக்கும் தெரியும். ஓட்டத்தைத் தடுக்கும் கவலை இல்லாமல் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் முழு வேகத்தில் குவார்ட்டர்பேக்கை நோக்கி வருவார்கள். ஓடுவதுபோல் பாவனை காட்டி ஏமாற்றவும் முடியாது.

அதோடு, அந்தப் பதினொரு பருவங்களில் அவருக்குப் பின்னால் நின்று ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகள் 20 பேர். டேக்கிள் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. வீசுபவர் 7 யார்டில் இருக்கிறார் என்று நம்பித்தான் கோணம் எடுக்கிறார். ஒருவர் பதறி 9 யார்டுக்குப் பின்வாங்குவார். அப்போது டேக்கிள் வெளியே சரியாகத் தள்ளிய ஆள் நேராக அவர் மேலேயே போய் விழுவான். ஒருவர் பந்தை நான்கு நொடி கையில் வைத்திருப்பார். ஒருவர் சட்டென்று இடது பக்கமே ஓடிவந்து முதுகில் மோதுவார். இருபது பேருக்கும் இருபது பழக்கம். இதற்கு நடுவே முதல் 10 பருவங்களிலும் நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வாகி, ஆறு முறை லீகின் ஆண்டுச் சிறந்தோர் பட்டியலின் முதல் அணியில் இடம்பிடித்தார் என்பது, என் கணக்கில் அந்த 10,363-ஐவிடப் பெரிய எண்.

உடம்பு இதற்குக் கொடுத்த விலையும் கணக்கில் வர வேண்டும். ட்ரைசெப்ஸ் கிழிவது இந்தத் தொழிலுக்கே உரிய காயம். கை முழுதாக நீட்டிய நிலையில் ஊன்றித் தள்ளுகிறது. எதிர்ப் பாரம் அதே நொடியில் முழங்கையை மடக்குகிறது. நீளவும் சுருங்கவும் ஒரே நேரத்தில் இழுக்கப்படும் தசைநார் எலும்பிலிருந்து பிய்ந்துவிடும். முழங்கால் காயங்களில் பல, தன் எதிராளியால் வருவதில்லை. பக்கத்தில் யாரோ விழுந்து ஊன்றிய காலின் பின்புறம் உருள்வதால் வருகிறது. பயிற்சியில் முழங்கால் கவசத்தைக் கட்டாயமாக்கும் பயிற்றுநர்கள் இதனால்தான் இருக்கிறார்கள்.

தலைக்கு நடப்பது மெதுவானது. லைன்மேனுக்குப் பெரிய மோதல்கள் குறைவு, சின்ன முட்டல்கள் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் உண்டு. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டராக நான்கு சூப்பர் பவுல் வென்று, 17 பருவங்கள் ஆடிய மைக் வெப்ஸ்டர் 2002-இல் 50 வயதில் இறந்தார். அவரது மூளையைப் பரிசோதித்த மருத்துவர் பென்னட் ஓமலு, திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிதைவு நோயை அதில் கண்டு 2005-இல் வெளியிட்டார். என்எஃப்எல் ஆட்டக்காரர் ஒருவரிடம் அது கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. பயிற்சி முகாமில் லைன்மேன்கள் தலைக்கவசத்தின் மேல் மெத்தென்ற கூடுதல் உறை அணிய வேண்டும் என்ற விதி 2022-இல் வந்தது.

தாமஸ் 2018 மார்ச்சில் ஓய்வு பெற்றார். ஆடிய காலத்தில் 6 அடி 6 அங்குல உயரத்துக்கு 141 கிலோ எடை. அது அவரது உடம்பின் இயல்பான எடை இல்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை, பசி இருக்கிறதோ இல்லையோ, தட்டை நிரப்பிச் சாப்பிட்டுக் காத்துவந்த எடை. ஒரு வேளை விட்டால் இறங்கத் தொடங்கிவிடும்; எடை இறங்கினால் நேராக மோதி வருபவன் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடுவான். கட்டாயச் சாப்பாட்டை நிறுத்தி, மாவுச்சத்தைக் குறைத்து, நீச்சலும் சைக்கிளும் தொடங்கிய சில மாதங்களில் 20 கிலோவுக்கு மேல் குறைந்தது. 2023-இல், சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் கேண்டன் நகரிலுள்ள ஹால் ஆஃப் ஃபேமில், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே அவரைச் சேர்த்தார்கள். கிளீவ்லேண்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். மேடையேறியவரின் உடலமைப்பு ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரருடையது போல இருந்தது.